சித்திரை முதல் நாள், 12 மணி 19 நிமிடம்

டீ சொல்லியாகிவிட்டது. மாஸ்டர் பாலைப் பொங்கவிட்டுக்கொண்டிருக்கிறார். கைக்கு வர ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் ஒரு கணக்குச் சொல்கிறேன். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. ஐந்து நிமிடம் என்றால் 300 நொடி. ஆக, டீ வருவதற்குள் நீங்களும் நானும் இந்த பெஞ்சும் பாய்லரும் எதிர்க்கடை பிளக்ஸ் போர்டும் 9,000 கி.மீ. போயிருப்போம். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கே 700 கி.மீ. சொச்சம்தான். இவ்வளவு தூரம் போயும் கிளாஸில் நுரை அசையாது.

இதைக் கேட்டதும் "அப்படியா!" என்று ஒரு நொடி நிமிர்வோம். மறு நொடியே "மாஸ்டர், சீனி கம்மி" என்று திரும்பிவிடுவோம். அந்த ஒரு நொடியைப் பற்றித்தான் பேச வந்தேன். அது எதனால் வருகிறது, வந்த வேகத்தில் ஏன் போய்விடுகிறது, கொஞ்ச நேரம் உட்கார வைக்க வழி உண்டா? ஒரு புத்தாண்டு அன்று எனக்கு நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எனக்கு ஊர் சிவகாசி. உங்கள் வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குமே, காலையில் ஒரு தாளைக் கிழித்து, ராகு காலம் பார்த்துவிட்டுக் கசக்கிப் போடுவீர்களே, அது பெரும்பாலும் எங்கள் ஊரில் அச்சானதாகத்தான் இருக்கும். ஆடிப் பதினெட்டுக்குப் பூஜை போட்டு அடுத்த வருடத்துக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். ஊர் உலகத்துக்கே நாள் குறித்துக் கொடுப்பவர்கள் என்று எங்களுக்கு ஒரு கர்வம் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் சித்திரை முதல் நாள் நட்டநடு மதியத்தில் என்ன நடக்கிறது என்று அறுபது வயதுவரை எனக்குத் தெரியாது. இத்தனைக்கும் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன்.

தெரியவந்தது ஒரு பழைய மாணவனால். "சார், நிழலில்லா நாள் சென்னைக்கு ஏப்ரல் 24னு போட்டிருக்காங்க. நம்ம ஊருக்கு எப்ப?" என்று போனில் கேட்டான். தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

இங்கே கொஞ்சம் பொறுமையாக வாருங்கள். உச்சி வெயில் என்றால் சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கிறது என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. மார்கழி மதியத்தில் மொட்டைமாடியில் நின்று பாருங்கள், உங்கள் நிழல் வடக்கே நீண்டு கிடக்கும். சூரியன் தெற்கே சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். சூரியன் வருடத்தில் ஆறு மாதம் வடக்கே நகர்கிறது, ஆறு மாதம் தெற்கே நகர்கிறது. வடக்கே போகும்போது ஒரு நாள் உங்கள் ஊரின் உச்சந்தலையைக் கடக்கும். திரும்பி வரும்போது இன்னொரு நாள். வருடத்தில் அந்த இரண்டு நாள்தான் நேர் உச்சி. அன்று நண்பகலில் செங்குத்தாக நிற்கும் எதற்கும் நிழல் பக்கவாட்டில் விழாது, காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். டெல்லி கடக ரேகைக்கு வடக்கே இருப்பதால் டெல்லிக்காரருக்கு ஆயுசுக்கும் இந்தக் கொடுப்பினை கிடையாது.

சிவகாசி பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 9.45 டிகிரியில் இருக்கிறது. சூரியன் அந்த அளவுக்கு வடக்கே வந்து சேரும் தேதியைத் தேடினேன். ஏப்ரல் 14 என்று வந்தது. தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று இன்னொரு தடவை போட்டேன். அதே ஏப்ரல் 14. காலண்டர் ஊரின் தலைக்கு மேலே, வருடம் பிறக்கும் அன்றே.

அன்று காலை வீட்டில் வழக்கம்போலக் கனி. முதல் நாள் ராத்திரியே தாம்பாளத்தில் மாம்பழம், வாழைப்பழம், எலுமிச்சை, வெற்றிலை பாக்கு, சரக்கொன்றைப் பூ, ஒரு மோதிரம் எல்லாம் வைத்து, பின்னால் ஒரு கண்ணாடியைச் சாய்த்திருந்தார்கள். விடிந்ததும் கண்ணைத் திறக்காமல் தட்டுத் தடுமாறி வந்து அதில் விழித்தேன். (வருடப் பிறப்பு தையிலா சித்திரையிலா என்ற வழக்கு 2008இல் சட்டமாகி 2011இல் திரும்பிய கதைக்குள் நான் போகவில்லை. எனக்கு வேப்பம்பூப் பச்சடி பிடிக்கும், அவ்வளவுதான்.) பச்சடிக்கு மாங்காய் வெந்துகொண்டிருந்த நேரத்தில், போஸ்டர் சுருட்டி அனுப்புவார்களே அந்த அட்டைக் குழாய் ஒன்றை, ஒரு அடி உயரத்துக்கு அறுத்து எடுத்துக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினேன். வீட்டில் எதுவும் கேட்கவில்லை. முப்பது வருடம் பழகிவிட்டது.

கடைக்கார அண்ணாச்சிதான் கேட்டார். "என்ன சார், நல்ல நாளும் அதுவுமா குழாயும் கையுமா நிக்கீக?"

விஷயத்தைச் சொன்னேன். குழாய் எதற்கு, டீ கிளாஸ் போதாதா என்று அவரே ஒரு கிளாஸைக் கழுவிக் கவிழ்க்காமல் சிமென்ட் தரையில் வைத்தார். பார்த்தால் அதற்கு நிழல் எல்லாப் பக்கமும் விழுகிறது. டீ கிளாஸுக்கு வாய் அகலம், அடி குறுகல். நேர் மேலே இருந்து வெளிச்சம் வந்தாலும் விளிம்பின் நிழல் அடியைச் சுற்றி வளையமாக விழத்தான் செய்யும். அடிமுதல் நுனிவரை ஒரே அளவாக இருக்கும் பொருள் வேண்டும் என்றேன். அண்ணாச்சி கிளாஸை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த தொல்லை தரை. டீக்கடை வாசல் மழைத் தண்ணீர் ஓடுவதற்காகச் சரித்துப் பூசியது. சரிவில் நிறுத்திய குழாய் எப்படி நேராக நிற்கும்? பெஞ்சில் உட்கார்ந்து வடை பிய்த்துக்கொண்டிருந்த ஒரு கொத்தனார் எழுந்து, சைக்கிள் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வந்தார். ஒரு கடப்பாக் கல் துண்டைப் போட்டு, அடியில் ஒரு பக்கம் காலண்டர் அட்டையை மடித்துச் செருகி, குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை தட்டினார். பிறகு தூக்குக்குண்டை விட்டுக் குழாயையும் சரிபார்த்தார். நான் செய்திருந்தால் இந்த நேர்த்தி வந்திருக்காது.

மணி 12 ஆனது. குழாய்க்கு மேற்கே ஒரு அங்குலம் நிழல் அப்படியே கிடக்கிறது.

"பன்னெண்டு ஆயிருச்சே சார், நிழல் போகலியே" என்றார் கொத்தனார். நியாயமான கேள்வி. நம் கடிகாரம் காட்டுவது நம் ஊர் நேரம் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் மிர்சாப்பூர் பக்கம் போகும் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரம் அது. அந்தக் கோட்டில் சூரியன் உச்சிக்கு வரும்போது இந்தியா முழுவதும் 12 என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். சிவகாசி அதற்கு மேற்கே 4.7 டிகிரி தள்ளி இருக்கிறது. ஒரு டிகிரியைத் தாண்டப் பூமிக்கு நான்கு நிமிடம் ஆகும். நாலே முக்கால் நான்கு பத்தொன்பது. எங்களுக்கு உண்மையான நண்பகல் 12.19.

அந்தப் பத்தொன்பது நிமிடமும் ஒருவர்கூட நகரவில்லை. 12.10க்கு நிழல் அரை அங்குலம். 12.15க்கு ஒரு கொத்தமல்லி விதை அளவு. பிறகு ஒரு நூல். அப்புறம் அதுவும் இல்லை. கல்லின் மேல் குழாய் நிற்கிறது, சுற்றிலும் ஒரே வெளிச்சம். யாரோ ஒட்டி வைத்த படம் மாதிரி இருந்தது. எல்லோரும் அனிச்சையாகக் குனிந்து அவரவர் காலைப் பார்த்தோம். என் நிழல் தொப்பைக்குக் கீழே ஒரு வட்டமாகச் சுருண்டு கிடந்தது. டீ குடிக்க வந்த ஒரு பையன் செருப்பைக் கழற்றிச் சுட்ட தரையில் மறுபடி காலை வைத்துப் பார்த்தான், நிழல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று. ஓரிரு நிமிடம்தான். பிறகு கிழக்குப் பக்கம் ஒரு நூல் எட்டிப் பார்த்தது.

"முப்பத்தாறு வருசமா இதே வாசல்ல நிக்கேன்" என்றார் அண்ணாச்சி. வேறு எதுவும் சொல்லவில்லை.

அன்று நிழல் ஒடுங்கியது எங்கள் ஊரில் மட்டும் இல்லை. மேற்கிலிருந்து ராஜபாளையம், சிவகாசி, அருப்புக்கோட்டை, ராமநாதபுரம் என்று கிட்டத்தட்ட ஒரே கோடு. அந்தக் கோடு கடலைத் தாண்டி ஏறும் இடம் கிளிநொச்சி. அங்கே இது எங்களுக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே நடந்து முடிந்துவிடும். அங்கும் அன்றுதான் வருடப் பிறப்பு. சூரியன் ஏப்ரல் 5 வாக்கில் இலங்கையின் தென்கோடியில் நுழைந்து, நாளுக்கு 40 கி.மீ. வீதம் தீவைக் கடந்து, 15ஆம் தேதிவாக்கில் யாழ்ப்பாணத்தைத் தாண்டுகிறது. நாளுக்கு 40 கி.மீ. என்பது பாதயாத்திரைக்காரர் மிகவும் முயன்றால் நடக்கக்கூடிய தூரம்.

சித்திரை 1க்கும் எங்கள் ஊருக்கும் முன்னோர்கள் போட்ட ரகசிய முடிச்சு இது என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் நம்பாதீர்கள். இது தற்செயல். ஆனால் சாதாரணத் தற்செயல் இல்லை.

சித்திரை 1 என்பது சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் நாள். அதாவது நட்சத்திரங்களை அடையாளக் கல்லாக வைத்துக் கணக்கிட்ட நாள். பருவங்களோ நட்சத்திரங்களைப் பார்த்து வருவதில்லை. பூமியின் சாய்வைப் பார்த்து வருகின்றன. சுற்றும் பம்பரம் ஓய்கிற நேரத்தில் தலையை மெல்ல ஆட்டி ஒரு வட்டம் போடுமே, பூமியின் அச்சும் அப்படி ஒரு வட்டம் போடுகிறது. ஒரு வட்டத்துக்குச் சுமார் 25,800 ஆண்டு. இதனால் நட்சத்திர வருடம் பருவ வருடத்தைவிட 20 நிமிடம் நீளம். வருடத்துக்கு 20 நிமிடம் என்றால் 71, 72 வருடத்துக்கு ஒரு முழு நாள். கி.பி. 285 வாக்கில் மேஷப் பிரவேசமும், பகலும் இரவும் சமமாகும் மார்ச் நாளும் ஒன்றாக இருந்தன. அப்போது சித்திரை முதல் நாள் சூரியன் பூமத்திய ரேகைக்கு மேலே நின்றது. அன்றிலிருந்து நழுவி நழுவி 24 நாள் தள்ளி வந்துவிட்டோம்.

இப்போது வகுத்துப் பாருங்கள். நாளுக்கு 40 கி.மீ. போகும் சூரியன், 71 வருடத்துக்கு ஒரு நாள் நழுவும் புத்தாண்டு. சித்திரை 1இன் நிழலில்லாக் கோடு வருடத்துக்கு அரை கிலோமீட்டருக்குச் சற்று மேலாக வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. (லீப் வருடக் குளறுபடியால் ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் பத்து, இருபது கி.மீ. முன்னே பின்னே ஆடும். நான் சொல்வது சராசரி.) நான் அரைக்கால் சட்டையோடு பள்ளிக்கூடம் போன காலத்தில் அது கோவில்பட்டிப் பக்கம் இருந்தது. இன்னும் ஒரு நூற்றாண்டு வாக்கில் மதுரைக்குப் போய்விடும். கரிசல் காட்டில் பொன்னேர் பூட்டி உழுகிற அன்று, ஆளுக்குத் தெரியாமல் ஒரு கோடு அந்தக் காட்டைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. சரியாக என் ஆயுசுக்குள், சரியாக எங்கள் ஊருக்கு மேல்.

டீ வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள். சூடு, விளிம்பைப் பிடியுங்கள்.

"அப்படியா!" என்று நிமிரவைக்கிற அந்த ஒரு நொடி உணர்ச்சிக்குத் தொல்காப்பியம் ஒரு பெயர் வைத்திருக்கிறது: மருட்கை. மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று. எவற்றால் மருட்கை பிறக்கும் என்று நான்கு காரணம் சொல்கிறது. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். இதுவரை காணாதது, அளவில் மிகப் பெரியது, மிக நுண்ணியது, ஒன்று இன்னொன்றாகத் திரிவது. அறிவு அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் திகைக்கிற நிலை என்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. 2003இல் டாக்கர் கெல்ட்னர், ஜொனதன் ஹெய்ட் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதே உணர்ச்சியைப் பிரித்துப் பார்த்தபோது, அதற்கு இரண்டு அடையாளம் வைத்தார்கள்: எதிரே உள்ளதன் பெருமை, மனத்தின் பழைய சட்டகத்துக்குள் அது அடங்காமல் போவது. உலகம் இதைப் பெரிய கண்டுபிடிப்பாகப் பேசியது. பேசட்டும், நல்ல கட்டுரைதான். ஆனால் சிறுமையையும் ஆக்கத்தையும் பட்டியலில் சேர்த்தவர் கெட்டிக்காரர் என்றுதான் எனக்குப் படுகிறது. நமக்கு இமயமலை தினமும் கிடைக்காது. ஒரு அங்குல நிழலும் உறைந்த தயிரும் தினமும் கிடைக்கும்.

தினமும் கிடைப்பதால்தான் தெரிவதில்லை. இதற்குக் கண்ணிலேயே ஒரு காரணம் இருக்கிறது. 1804இல் டிராக்ஸ்லர் என்ற சுவிஸ் மருத்துவர் கவனித்தது இது. வெள்ளைத் தாளில் நடுவே ஒரு புள்ளி வையுங்கள். சற்றுத் தள்ளி, பென்சிலால் மங்கலாக ஒரு தீற்றல். புள்ளியையே அசையாமல் இருபது நொடி உற்றுப் பாருங்கள். ஓரத்துத் தீற்றல் கரைந்து காணாமல் போகும். தாளில் அது அப்படியேதான் இருக்கிறது; மாறாமல் இருக்கும் எதையும் மூளை 'தெரிந்த சேதி' என்று தள்ளிவிடுகிறது. நாம் அறியாமலே நம் கண்மணி ஓயாமல் நுண்ணிதாக நடுங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த நடுக்கம் இல்லாவிட்டால் பார்க்கும் காட்சி முழுக்க இப்படி அழிந்துவிடும். 1950களில் பிம்பம் விழித்திரையில் நகராதபடி கருவி வைத்துப் பார்த்தார்கள். சில நொடிகளில் காட்சி மறைந்தே போனது.

கனிக்குக் கண்ணை மூடச் சொல்வது ஏன் என்று பாட்டியிடம் கேட்டிருக்கிறேன். "மூடாமப் பாத்தா என்ன தெரியும்?" என்றாள். அப்போது அது பதிலாகவே தோன்றவில்லை. தாம்பாளத்தில் இருக்கும் எலுமிச்சையும் வெற்றிலையும் முந்தின நாள் வரை வீட்டில் கிடந்தவைதான். ஒரு ராத்திரி மறைத்து வைத்து, கண்ணை மூடவைத்து, திறக்கச் சொல்கிறார்கள்.

அந்தத் தட்டில் ஒரு மோதிரம் இருந்தது என்றேனே. அதன் தங்கத்தைச் சூரியனால் செய்ய முடியாது. மிகப் பெரிய நட்சத்திரங்களின் உலைகூட இரும்போடு நின்றுவிடும். தங்கம் உண்டாக, செத்துச் சுருங்கிய நியூட்ரான் நட்சத்திரங்கள் இரண்டு மோதுவது போன்ற பேரிடி வேண்டும். அப்படி ஒரு மோதலின் அதிர்வு 13 கோடி ஒளியாண்டுத் தொலைவிலிருந்து 2017 ஆகஸ்ட் 17 அன்று நம் கருவிகளில் பதிவானது. அதைத் தொடர்ந்து வந்த ஒளியில் கனமான தனிமங்கள் உருவாவதன் தடயம் தெரிந்தது. பூமி பிறப்பதற்கு முன் எங்கோ நடந்த ஒரு கலவரத்தின் மிச்சம் உங்கள் விரலில் இருக்கிறது. அடகுக் கடைக்காரர் அதற்கெல்லாம் கூடுதலாகத் தரமாட்டார்.

மலைப்பு உடம்புக்கு என்ன செய்கிறது என்றும் பார்த்திருக்கிறார்கள். 2020இல் வந்த ஒரு சான் பிரான்சிஸ்கோ ஆய்வில், வயதானவர்களை வாரம் ஒரு முறை 15 நிமிடம், எட்டு வாரம் நடக்கச் சொன்னார்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும், எதையும் முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்து நடங்கள் என்றார்கள். எல்லோரும் நடையின்போது தங்களைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். வியந்து நடந்தவர்களின் படங்களில் வாரம் போகப் போகச் சுற்றுப்புறம் பெரிதாகி, அவர்கள் உருவம் சிறிதானது. சிரிப்பு மட்டும் பெரிதானது. செல்ஃபியில் ஆள் சிறிதாவது இந்தக் காலத்தில் நம்ப முடியாத சேதி.

இதுவரை மலைப்பு. நன்றி வேறு சரக்கு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. சூரியனைப் பார்த்து மலைக்கலாம். ஆனால் இந்த டீக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள்.

திருக்குறளில் பதினோராவது அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றி அறிதல். பழைய தமிழில் நன்றி என்றால் நன்மை, ஒருவர் செய்த நல்ல காரியம். நாம் இன்று 'நன்றி' என்று வாயால் சொல்வது அந்தக் காலத்தில் 'அறிதல்' என்ற சொல்லுக்குள் இருந்தது. நெகிழ்வது, உருகுவது எல்லாம் அப்புறம். முதலில் யார் என்ன செய்தார் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பெயரை வைத்தவர் டீக்கடை அக்கவுண்ட் நோட்டு எழுதக்கூடிய மனிதர்.

ஆகவே இந்த கிளாஸின் கணக்கை எழுதிப் பார்ப்போம். டஸ்ட் டீ இரண்டரை கிராம் போட்டிருப்பார். ஒரு கிலோ டீத்தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். அப்படியானால் இதற்கு பத்து கிராமுக்குச் சற்று மேல். இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்த கொழுந்து ஒரு கிராம்கூட வராது. கத்தரியும் மெஷினும் வராத தோட்டமாக இருந்தால், இந்த கிளாஸுக்காக ஒரு பெண் பத்து, பதினைந்து முறை கையால் கிள்ளியிருக்கிறாள். பிறகு தொழிற்சாலையில் இலையை வாட்டி, பல் வைத்த உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிறார்கள். பச்சைச் சாறு காற்றில் பட்டு ஓரிரு மணி நேரத்தில் செம்பு நிறமாகிறது. புல் வாசனை போய் டீ வாசனை வருகிறது. ஆக்கம் என்று சொன்னேனே, அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் குன்னூரில் ஒரு தொழிற்சாலைக்குள் போய் நில்லுங்கள்.

அந்தப் பெண்ணின் குடும்பம் எங்கிருந்து வந்தது என்பது இன்னொரு பக்கம். இந்தப் பக்கத்து ஜில்லாக்களிலிருந்து இலங்கை மலைகளுக்கு முன்பு கூட்டிப்போன மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். அவர்களில் யாரையும் கேட்டுப் போட்டது இல்லை. அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைப் போட்டது. இன்றைய டான்டீ அதுதான். இதெல்லாம் தெரிந்து குடித்தால் டீ இனிக்கும் என்று நான் சொல்லவில்லை. கொஞ்சம் கசக்கவும் செய்யும். பச்சடியில் வேப்பம்பூ போடுகிறோமே.

தினமும் நன்றிப் பட்டியல் எழுதுங்கள் என்று இப்போது எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். அதன் மூலம் எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இருவரின் 2003 ஆய்வு. மாணவர்களை வாரம் ஒரு முறை, பத்து வாரம், நன்றிக்குரியவை ஐந்து வரை எழுதச் சொன்னார்கள். தொல்லைகளைப் பட்டியல் போட்டவர்களைவிட இவர்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாகப் பேசினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள், பலன் உண்டு, ஆனால் சிறிது என்கின்றன. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. சம்பளம் கேட்கிறவனிடம் 'இருப்பதற்கு நன்றி சொல்லப் பழகு' என்று முதலாளி சொல்கிறபோதுதான் ஆட்சேபம். அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது, "நல்ல நாளன்னிக்கு வந்து கும்பிடு போடுதவன் அம்புட்டுப் பேரும் பாக்கி வச்சிருக்கவன்தான் சார்" என்றார். நான் அன்று என் பக்கத்தைப் புரட்டச் சொல்லிப் பாக்கியைக் கொடுத்துவிட்டேன். 340 ரூபாய்.

அன்று குழாயை எடுத்து வைத்து, கடப்பாக் கல்லை ஓரமாகத் தள்ளிவிட்டு எல்லோரும் டீ குடித்தோம். கொத்தனாரின் மனைவி பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறவர். எங்கள் ஊரில் கோடை மதியம் ஒரு மாதிரியானது. வெயிலில் மருந்து காய்ந்து கிடக்கும். ஒரு உராய்வு போதும். எங்காவது சத்தம் கேட்டால் கடைத்தெரு முழுக்க ஒரே பக்கம் திரும்பும். கையில் இருக்கும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுப்பார்கள். அன்று ஆலைகளுக்கு விடுமுறை. கொத்தனார் ரசமட்டத்தைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "இன்னைக்கு லீவு, அவ வீட்ல இருக்கா சார். பன்னெண்டு மணிக்கு நான் தரையைப் பாத்துக்கிட்டு நின்னது இன்னைக்குத்தான்."

வெறும் நிழலைப் பார்க்க அவர் எழுந்து வந்தது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்று அவருக்கு வேறு எந்தத் திசையிலும் காது வைக்க வேண்டியிருக்கவில்லை.

வருகிற சித்திரை 1க்கு நீங்களும் செய்து பாருங்கள். சிவகாசி, ராஜபாளையம், அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு அன்றே, சிவகாசியில் 12.19க்கு. மதுரைக்காரர்கள் ஒன்றிரண்டு நாள் பொறுத்து, 12.17க்கு. திருச்சிக்கு 18ஆம் தேதி வாக்கில். சென்னைக்கு 24 அல்லது 25, அங்கே 12.07. மேகம் மூடிவிட்டால் கவலை வேண்டாம், ஆகஸ்டில் திரும்பி வரும். அட்டைக் குழாயோ நேரான எவர்சில்வர் தம்ளரோ போதும். டீ கிளாஸ் வேண்டாம். தெருவில் யாராவது கொத்தனார் இருந்தால் ரசமட்டத்தோடு கூப்பிடுங்கள். டீக்காசை நீங்கள் கொடுங்கள்.